ஆரம்பச் சமநிலை

இதுவரை மூன்று படம் ஓடியாயிற்று, மூன்றிலும் அப்பாதான் வில்லன். அடுத்தது மகள் மிதுனாவுடையது. கோவிந்தராசு நாற்காலியில் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார், எதற்கு நகர்ந்தோம் என்று தோன்றிப் பின்னால் சாய்ந்தார். கல்லூரி அரங்கத்தின் ஏசிக் குளிர் முழங்கையில் ஏறிக்கொண்டிருந்தது. மேடையோரம் ஒரு வெள்ளைப் பலகை, அதில் கட்டம் கட்டமாகப் போட்டு மேலே 'கதையாடல் கோட்பாடு' என்று எழுதி வைத்திருந்தார் துறைத்தலைவி எஸ்தர் மேடம். எந்தக் கதையாக இருந்தாலும் முதலில் ஒரு சமநிலை இருக்குமாம், அது குலையுமாம், குலைந்தது தெரியவருமாம், சரிசெய்யப் பார்ப்பார்களாம், கடைசியில் மறுபடி ஒரு சமநிலை வருமாம். ஆட்களுக்கும் கட்டம் உண்டு. நாயகன், வில்லன், உதவி செய்பவர், நாயகனுக்கு வேண்டிய பொருளைக் கொடுக்கும் கொடையாளி. பிள்ளைகள் எடுத்த குறும்படத்தைப் போட்டுக் காட்டி, எடுத்த பிள்ளையையே பலகைக்குக் கூப்பிட்டு, இந்தக் கட்டங்களை நிரப்பச் சொல்கிறார்கள், அதுவும் பெற்றவர்களை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு. எவன் கண்டுபிடித்த ஏற்பாடோ. முதல் பையனின் படத்தில் அப்பா குடிகாரர். நிஜ அப்பா மூன்றாவது வரிசையில், நெற்றியில் விபூதியோடு, சிகரெட் கூடத் தொடாத முகம், எல்லோரும் திரும்பிப் பார்த்தபோது பாவம் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். இரண்டாவதில் மகளை ஓட்டப்பந்தயத்துக்கு அனுப்பாத அப்பா. மூன்றாவதில் சாதி பார்த்துக் காதலைப் பிரித்த அப்பா. பிள்ளைகள் மார்க்கரைத் திறந்து, 'வில்லன்' என்ற கட்டத்தில், கை நடுங்காமல், 'அப்பா' என்று எழுதினார்கள். அதற்குக் கைதட்டல் வேறு. காசு கட்டிப் படிக்க வைப்பது இதற்குத்தான் போலிருக்கிறது என்று கோவிந்தராசு பக்கத்து ஆளிடம் சொல்ல வாயெடுத்து, அந்த ஆள்தான் மூன்றாவது படத்தின் அப்பா என்பது ஞாபகம் வந்து, மென்று விழுங்கினார். நான் என்ன செய்தேன்? அதுதான் அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது. குடித்ததில்லை. கை நீட்டியதில்லை. மனைவி செண்பகத்தை வாடி போடி என்று நாலு பேர் முன்னால் பேசியதில்லை. கேட்டபோதெல்லாம் மிதுனாவுக்கு வாங்கிக் கொடுத்தாயிற்று, இந்தப் படிப்பு உட்பட, வண்டி உட்பட. சத்திரம் பஸ் நிலையத்தில் டைம் கீப்பர், தானுண்டு தன் வேலையுண்டு என்று இருக்கிற மனுஷன். இவனை எப்படி வில்லனாக்குவாள்? நேற்று ராத்திரி செண்பகத்தையும் கூப்பிட்டார், வரவில்லை என்றுவிட்டாள். "நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்தாச்சு." பார்த்தாச்சு என்றால் என்ன பார்த்தாச்சு, எங்கே பார்த்தாள் என்று அப்போதே கேட்டிருக்கலாம். செய்தியில் மழை பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள், அதில் விட்டுப்போயிற்று.

விளக்கு அணைந்தது. திரையில் 'முதல் ஷிப்ட்' என்று எழுத்து வந்தது, கீழே மிதுனா கோவிந்தராசு என்று பெயர். முதல் ஷிப்ட் என்றால் நம் ஷிப்ட் அல்லவா, விடியுமுன் கிளம்பிப் போகிற ஷிப்ட், அப்படியானால் படமே நம்மைப் பற்றியதுதான், பஸ் நிலையத்துக்கு வந்து எடுத்திருப்பாளோ, கூண்டு மாதிரி அந்த அறை, மைக், விசில், துறையூர் வண்டிக்காரனோடு தினம் நடக்கிற சண்டை, எடுத்திருந்தால் சொல்லியிருப்பாளே, இல்லை தூரத்திலிருந்து தெரியாமல் எடுத்திருப்பாள், இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அதெல்லாம் கைவந்த கலை. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. உழைக்கிற அப்பா. நாயகன் கட்டம். அது வரைக்கும் யோசித்து முடிப்பதற்குள் திரையில் ஒரு சமையலறை வந்துவிட்டது. எவர்சில்வர் டப்பாக்கள், சுவரில் ஈரம் பூத்த இடம், ஜன்னலில் கட்டிய நீலக் கொசுவலை. நம் வீட்டு ஜன்னல். ஹாலில் டிவி ஓடும் சத்தம், யாரோ தட்டில் சாப்பிடும் சத்தம். அடுப்புக்கு முன்னால் ஒரு பெண், முதுகு மட்டும், நைட்டிமேல் துண்டு. அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். செண்பகம். கோவிந்தராசுவுக்கு ஒரு கணம் அவள் எங்கேயோ இந்த அரங்கத்துக்குள்ளேயே இருக்கிறாள் என்று தோன்றியது, திரைக்குப் பின்னால், கூப்பிட்டால் 'என்னங்க' என்று வந்துவிடுவாள் போல. இவ்வளவு பெரிய முகமாக அவளைப் பார்த்ததில்லை. மேலுதட்டுக்கு மேல் சின்னதாக ஒரு மச்சம். கல்யாணத்தன்றே இருந்ததா, இப்போது வந்ததா? முகம் நேராக அவரைப் பார்த்தது, கண்ணை எடுக்காமல் பார்த்தது, அவருக்குத்தான் கண்ணைத் தாழ்த்த வேண்டியிருந்தது. வீட்டில் இப்படி யார் யாரைப் பார்க்கிறார்கள்? படத்தில் செண்பகம் பேசினாள். "ஒரே ஒரு தடவ, காவேரிப் பாலத்துக்கு நடுவுல வண்டிய நிறுத்திட்டு, எறங்கி நின்னு தண்ணியப் பாக்கணும். பஸ்ஸுல போனா ஜன்னல் பக்கம் யாராச்சும் மறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க." அரங்கத்தில் யாரோ ஒரு பெண் 'ச்சு' கொட்டினாள். இதைச் செண்பகம் எப்போது சொன்னாள்? நம்மிடம் சொன்னதே இல்லை. பாலத்தை எத்தனை ஆயிரம் தடவை தாண்டியிருப்போம், திருவானைக்காவலில் வீடு, பாலத்துக்கு இந்தப் பக்கம் வேலை, தண்ணீரை ஒரு நாள் கூட நின்று பார்த்ததில்லை. அதிலென்ன இருக்கிறது பார்க்க? வருஷத்தில் பாதி நாள் மணல்.

பள்ளி மைதானம் வந்தது. விடிகிற வெளிச்சம். மிதுனாவின் ஸ்கூட்டியில் செண்பகம். அவருக்கு உடம்பு திடுக்கிட்டது, பிரேக் போடாமல் ஸ்டாண்டுக்குள் வரும் வண்டியைக் கண்டால் விசிலுக்குப் போகும் கை சட்டைப் பைக்குப் போய், பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றது. நாம் அங்கே உட்கார்ந்து இன்ன வண்டி வந்தது, இன்ன வண்டி பிந்தியது என்று கூவிக்கொண்டிருந்த நேரத்தில், இவள் இங்கே. ஊரில் எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று கேட்டால் தூக்கத்தில் சொல்கிறவன், வீட்டிலிருந்து ஒரு வண்டி தினம் கிளம்பித் தினம் திரும்பியதைக் கவனிக்காமல் இருந்திருக்கிறான். கேமரா கூடவே ஓடியது, மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது, மிதுனாவின் மூச்சு. "ஆக்ஸிலேட்டர முறுக்காதம்மா, மெதுவா, மெதுவா, கால எடு." செண்பகம் சிரித்தாள். வாயைப் பொத்திக்கொள்ளாமல், தலையைப் பின்னால் சாய்த்து, பல் தெரியச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவளுக்கு முப்பது வயது குறைந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். நமக்கு ஏன் எரிகிறது? அவள் சிரித்ததற்கா, நமக்குத் தெரியாமல் சிரித்ததற்கா, இந்தச் சிரிப்பு அவளிடம் இருந்தது நமக்குத் தெரியவே தெரியாது என்பதற்கா? அடுத்த சுற்றில் வண்டி சாய்ந்தது. மெதுவாகத்தான் சாய்ந்தது, ஒரு மூட்டை சரிவது போல. கேமரா தரையைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது, "அம்மா" என்று மிதுனாவின் குரல், அப்புறம் சேலை ஓரம் கிழிந்து, முழங்காலில் மண்ணோடு ஒட்டிய ரத்தம். நடிப்பு. நடிப்பாகத்தான் இருக்கும். சிவப்பு மை ஏதாவது. ஆனால் வண்டியின் இடப்பக்கம் கீறல், மட்கார்டிலிருந்து ஃபுட்போர்டு வரைக்கும். அந்தக் கீறல் அவருக்குத் தெரியும். அதைப் பார்த்த அன்று மிதுனாவை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்டிருக்கிறார், புது வண்டியை இப்படியா வைத்துக்கொள்வாய், ஓட்டத் தெரியாவிட்டால் பஸ்ஸில் போக வேண்டியதுதானே என்று தெருவே பார்க்கக் கத்தியிருக்கிறார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "சாரிப்பா" என்றாள். செண்பகம் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏன் பிடித்துக்கொண்டு நின்றாள் என்பது இப்போது தெரிகிறது. வண்டியின் கீறல் தெருமுனையிலிருந்தே கண்ணில் பட்டது, முழங்கால் படவில்லை. கீறல் வெளியே இருந்தது, முழங்கால் சேலைக்குள் இருந்தது, நாம் என்ன ஜோசியமா பார்க்க முடியும்? சொல்லியிருந்தால் டாக்டரிடம் கூட்டிப் போயிருக்க மாட்டோமா? கூட்டிப் போயிருப்போம். சத்தியமாகக் கூட்டிப் போயிருப்போம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே கூட்டிப் போயிருப்போம்.

பிறகு அந்த முதுகு வந்தது. டிவி வெளிச்சத்துக்கு எதிரில், நாற்காலியில், பனியன் போட்ட ஓர் ஆணின் முதுகு, பின்கழுத்தில் மடிப்பு, உச்சியில் வழுக்கை. பரவாயில்லையே, அப்பா வேஷத்துக்கு யாரையோ பிடித்து அச்சாகப் போட்டிருக்கிறாளே என்றுதான் முதலில் நினைத்தார். ஒரு தட்டு வந்தது. தட்டைக் கொண்டுவந்த பெண் ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தாள், சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து, குனிய முடியாமல் குனிந்து, ஸ்டூலில் தட்டை வைத்தாள். முதுகு திரும்பவில்லை. டிவியில் யாரோ விக்கெட் எடுத்தார்கள். முதுகிலிருந்து ஒரு கை பக்கவாட்டில் நீண்டது, விரல்கள் மட்டும் இரண்டு தரம் அசைந்தன, அவ்வளவுதான், உடனே பெண் மறுபடி காலை இழுத்துக்கொண்டு போய் உப்புக் கிண்ணத்தைக் கொண்டுவந்து அந்தக் கையில் வைத்தாள். கட்டைவிரல் நகம் கறுத்திருந்தது. கோவிந்தராசு இருட்டில் தன் கட்டைவிரலை இன்னொரு கையால் மூடிக்கொண்டார். பஸ் கதவில் நசுங்கிய நகம், ஊருக்கெல்லாம் காட்டிக் காட்டி ஆறின நகம். இதை யார் எடுத்தது, எப்போது எடுத்தது, பின்னால் நின்று சொந்த மகளே எடுத்துக்கொண்டிருக்கத் தெரியாமலா உட்கார்ந்திருந்தோம்? அந்த நாளைத் தேடினார். கிரிக்கெட்டு ஞாபகம் இருக்கிறது, யார் ஜெயித்தது என்பது கூட ஞாபகம் இருக்கிறது. குழம்பு ஞாபகம் இருக்கிறதா? இல்லை. உப்புக் கேட்டது? இல்லை. தினம் கேட்பதுதான், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது. தைல வாசனை ஞாபகம் வந்தது. ஆமாம், அந்த வாரம் படுக்கையறை முழுக்கத் தைலம். என்ன வாசனை என்று கேட்டோமா? கேட்டோம், கேட்டோம். "என்ன கருமம் இது, தலைய வலிக்குது" என்று கேட்டோம். கேட்டுவிட்டுத் தலையணையைத் தூக்கிக்கொண்டு ஹாலில் போய்ப் படுத்தோம், அங்கே காற்று நன்றாக வந்தது, நன்றாகத் தூங்கினோம். சரி. இதுதான் குற்றம் என்றால் இதுதான். வில்லன் என்று எழுதட்டும். எழுதிவிட்டுப் போகட்டும். மனசுக்குள்ளே யாரோ உட்கார்ந்திருந்தவன் எழுந்து நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டது மாதிரி இருந்தது. எழுதினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், அசட்டுச் சிரிப்புச் சிரிக்கலாம், வீட்டுக்குப் போய் ஒரு மூச்சுக் கத்தலாம், அப்புறம் மன்னிப்புக் கூடக் கேட்கலாம், வில்லன் என்றால் திருந்துவதற்கு ஓர் இடம் இருக்கும் அல்லவா? படம் முடிந்தது. கடைசியில் அந்தக் காட்சியே மறுபடி வந்தது, அதே முதுகு, அதே டிவி, அதே தட்டு. இடையில் ஸ்கூட்டி மட்டும் உறை போட்டு நின்றது.

மிதுனா மேடைக்கு வந்தாள். தலையை ஒதுக்கிக்கொண்டு மார்க்கரைத் திறந்தாள். அப்பா இருக்கும் பக்கம் பார்க்கவில்லை, பார்க்காமல் இருக்க வேண்டும் என்று பார்க்காததாகவும் தெரியவில்லை. ஆரம்பச் சமநிலை என்ற கட்டத்தில் 'அப்பா சாப்பிடுகிறார்' என்று எழுதினாள். குலைவு: 'அம்மாவுக்கு ஓர் ஆசை வருகிறது.' தெரியவருதல் கட்டத்தில் ஒரு கோடு இழுத்தாள். "யாருக்கும் தெரியல மேம், அதனால இது காலி." சரிசெய்தல்: 'அம்மா விழுகிறாள்.' மீண்ட சமநிலை: 'அப்பா சாப்பிடுகிறார்.' முதல் கட்டத்தையும் கடைசிக் கட்டத்தையும் படித்துப் பார்த்துப் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். எஸ்தர் மேடம் கூட. நாயகன் கட்டத்தில் 'அம்மா'. கொடையாளி கட்டத்துக்கு மார்க்கர் போனபோது கோவிந்தராசுவுக்கு வெட்கம் கெட்ட ஓர் ஆசை வந்தது. வண்டி வாங்கிக் கொடுத்தது யார்? தவணை கட்டியது யார்? நாயகிக்கு வேண்டிய பொருளைக் கொடுப்பவர் என்று மேடம்தானே சொன்னார்? மிதுனா 'மகள்' என்று எழுதினாள், உதவி செய்பவர் கட்டத்திலும் அதையே எழுதினாள். வண்டி அவளுடையதுதான், நியாயம்தான். இனி ஒரே கட்டம். மார்க்கர் அங்கே போய் நின்றது, நின்றது, எழுதாமல் மூடிக்கொண்டது.

"வில்லன் இல்ல மேம்."

கோவிந்தராசு பெருமூச்சு விட்டார். உடம்பு முழுக்க ஈரக்காற்று அடித்த மாதிரி ஒரு சுகம். மகள், என்ன இருந்தாலும் மகள், காட்டிக் கொடுக்கவில்லை. பக்கத்து ஆள் கூடப் பொறாமையாகப் பார்த்த மாதிரி இருந்தது. விருந்தினராக வந்திருந்தவர், சென்னையில் ஆவணப்படம் எடுக்கிறாராம், தாடிக்காரர், விடவில்லை.

"அதெப்டிம்மா? அந்தம்மா கத்துக்கறத யாரோ தடுத்ததாலதான நின்னுபோச்சு? அந்த அப்பா?"

"யாரும் தடுக்கல சார். அவங்களா நிறுத்திட்டாங்க."

"அப்ப அந்த அப்பா யாரு?"

"அவர் கதாபாத்திரமே இல்ல சார். வில்லன்னா எதாவது செய்யணும். வேணாம்னு சொல்லணும், சாவிய புடுங்கி வெக்கணும், அடிக்கணும். அவர் ஒண்ணும் செய்யலையே. அவர்தான் அந்தச் சமநிலை. வீட்ல ஃபேன் ஓடற மாதிரி, டிவி ஓடற மாதிரி." மிதுனா கொஞ்சம் யோசித்தாள். குரல் இறங்கியது. "வில்லன் இருந்திருந்தா அம்மா சண்ட போட்டு ஜெயிச்சிருப்பாங்க சார். எங்கம்மாவுக்கு அவ்வளவு பிடிவாதம் உண்டு. கால இழுத்துக்கிட்டு ஒரு வாரம் எதுர்லயே நடந்தாங்க, என்னன்னு கேப்பாருன்னு. திட்டினாக்கூடப் பரவால்ல, கேட்டாப் போதும்னு இருந்தாங்க. கேக்கல. எதுத்து நிக்க ஆள் இல்லாம எத்தன நாளைக்குத்தான் ஒருத்தர் சண்டை போடுவாங்க?"

தாடிக்காரர் மெல்லக் கைதட்டினார், பிறகு எல்லோரும் தட்டினார்கள். "பிரமாதம்மா" என்றார். "அந்த முதுகு யாரு, நாடக ஆளா? கைய மட்டும் நீட்றாரு பாரு, அப்படி ஒரு நடிப்பு."

"எங்கப்பா சார். நடிக்கல. எடுத்தது அவருக்குத் தெரியாது. நாலு நாள் பின்னாடியே நின்னு எடுத்தேன், ஒரு தடவகூடத் திரும்பல."

இப்போது திரும்பினார்கள், ஒட்டுமொத்தமாக, வரிசை வரிசையாக. கோவிந்தராசு எழுந்து நின்றார். எழுந்து நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். கறுத்த நகம் தெரியும்படிதான் கும்பிட வேண்டியிருந்தது. ஒன்றும் செய்யலையே, ஒன்றும் செய்யலையே என்று அது காதுக்குள் சுற்றியது. இத்தனை வருஷமாக இதைத்தானே பெருமையாகச் சொல்லிக்கொண்டு வந்தோம், பெண் வீட்டாரிடம் சொன்னோம், மாமனாரிடம் சொன்னோம், என்ன குறை வைத்தேன், நான் ஒன்றும் செய்யலையே என்று செண்பகத்திடமே எத்தனையோ தரம் சொன்னோம். அந்தச் சொல்லையே எடுத்து மகள் பலகையில் வைத்துவிட்டாள். குடிகாரனுக்கு ஒரு கட்டம் கொடுத்தார்கள். மகளைப் பந்தயத்துக்கு அனுப்பாதவனுக்கு ஒரு கட்டம் கொடுத்தார்கள். பக்கத்தில் இருக்கிறானே இவனுக்குக் கூட ஒரு பெயர் கிடைத்துவிட்டது. நமக்கு ஃபேன். நமக்கு டிவி. அவள்மேல் கோபப்பட ஒரு நியாயம் கிடைக்குமா என்று துழாவினார், பெற்றவனைத் தெரியாமல் படம் எடுப்பது தப்பில்லையா என்று துழாவினார், கிடைத்தது, ஆனால் கையில் நிற்கவில்லை. அவள் பொய் ஒன்றும் சொல்லவில்லையே.

சாயங்காலம் அவள் வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்தார். ஏறும்போது இடப்பக்கக் கீறலில் வேட்டி உரசியது. மிதுனா ஒன்றும் கேட்கவில்லை, படம் எப்படி இருந்தது என்று கூடக் கேட்கவில்லை, மற்ற பிள்ளைகள் அப்பாக்களைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள், வில்லன்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றார்கள். சத்திரம் தாண்டும்போது துறையூர் வண்டிக்காரன் ஹாரன் அடித்தான், அவர் கை தூக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட வேண்டும். செண்பகத்திடம் நேராகப் போய், கால் இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட வேண்டும். அவளிடம் சட்டென்று வராது, முதலில் மிதுனாவிடம் கேட்டுப் பார்க்கலாம். அம்மா கால் இப்ப எப்படிம்மா இருக்கு. இவ்வளவுதான், என்ன பெரிய வார்த்தை, ஒரு நாளைக்கு நூறு ஊர்ப் பெயரை மைக்கில் கூவுகிற வாய்க்கு இதில் என்ன கஷ்டம். அம்மா கால் இப்ப எப்படி இருக்கு. அம்மா கால் வலி போயிருச்சா. இது வேண்டாம், முதலில் சொன்னதே நன்றாக இருக்கிறது. பாலம் வந்தது. பாதிப் பாலத்தில் மிதுனா வேகத்தைக் குறைத்து, ஓரமாக ஒதுக்கி, காலை ஊன்றி வண்டியை நிறுத்தினாள். கீழே தண்ணீர் இரு கரை தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. இந்த வருஷம் இவ்வளவு தண்ணீர் வந்திருப்பது அவருக்குத் தெரியாது. காற்று முகத்தில் அடித்தது. மிதுனா கண்ணாடி வழியாக அவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், பலகைக்கு முன்னால் பார்க்காத மகள் இப்போது கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், காத்துக்கொண்டிருந்தாள். இதுதான் நேரம். கோவிந்தராசு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"கெளம்பும்மா, நேரமாச்சு" என்றார். "அம்மா சாப்பாட்ட எடுத்து வெச்சிருப்பா, ஆறிடும்."

மிதுனா கண்ணாடியிலிருந்து பார்வையை எடுத்தாள். "வெச்சிருப்பாங்கப்பா" என்று சொல்லி வண்டியைக் கிளப்பினாள்.